ஓரறைப் பள்ளிக்கூடம்

பாராமகாலில் வருவாய்ப் பணியாற்றிய நாள்களில் தருமபுரியில் வாழ்ந்தவர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை ஆளுநரானபோது, 1822இல், மாகாணத்துப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி பள்ளிகள் 12,498. மாணவர்கள் சுமார் 1,88,000 பேர். பள்ளிக்குப் பதினைந்து பிள்ளைகள்! ஒரு திண்ணையிலோ ஓர் அறையிலோ அடங்கிவிடும் கூட்டம். அந்த எண்ணிக்கை ஏட்டில் தங்கிற்று. இடங்களோ மண்ணோடு போயின.

பின்னர் எழுந்த ஓட்டுக்கூரைப் பள்ளிகளுக்கும் இப்போது அதே முறை வந்திருக்கிறது. 2004இல் கும்பகோணத்தில் 94 பிஞ்சுகள் தீயில் கருகின. 2021இல் நெல்லையில் சுவர் விழுந்து மூன்று மாணவர் மாண்டனர். அதன்பின் பழுதுற்ற பள்ளிக் கட்டடங்களை இடிக்கும் பணி முடுக்கிவிடப்பட்டது. அச்சம் நியாயமானதே. (இத்தனைக்கும் நெல்லையில் விழுந்தது வகுப்பறையன்று, கழிவறைச் சுவர்.) எனினும் பிள்ளைகளை வெளியேற்றுவது வேறு, கட்டடத்தையே தகர்ப்பது வேறு.

சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் சுவரை அரிக்கும். பழுதுக்கும் சுண்ணாம்பே வேண்டும். உடைந்த ஓட்டை மாற்றி, அடிச்சுவரில் மழைநீர் தேங்காமல் வழிசெய்தால் ஊர் நூலகமாகவேனும் அது நிற்கும். பழைய தருமபுரி மாவட்டத்துத் தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த இல்லம் பேணப்படுகிறது. ஊரே எழுத்தறிந்த அறைக்கு அப்பேறு ஆகாதா?

பழைய மக்தப் அறையுள்ள ஜமாஅத்தாரும், புதுத் தளத்துக்கு வசூல் தொடங்குமுன், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்து அச்சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லட்டும்.