பொதுக் கட்டடத்துக்குப் பொறுப்பாளர் யார்?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தலைவர் அவர்களுக்கு மாத்தளையிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கு,

மாத்தளை மாவட்டத்தில் உயர்தரப் பரீட்சையின் விஞ்ஞானப் பிரிவில் சித்தியெய்தும் மாணவர்கள் பேராதனை முதலிய பல்கலைக்கழகங்களின் ஆய்வுகூடங்களுக்குச் செல்கின்றனர். மிளகு, சாதிக்காய் முதலான பயிர்களை ஆராயும் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆராய்ச்சி நிலையமும் மாத்தளையிலேயே அமைந்துள்ளது. ஆகவே ஆய்வுகூடப் பாதுகாப்பு இம்மாவட்டத்தாருக்கு அந்நியமான விடயமன்று. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்கும் ஆணைக்குழு, பல துறைகள் பகிர்ந்து பயன்படுத்தும் ஆய்வுக் கட்டடம் ஒவ்வொன்றிலும் பாதுகாப்பு விதிகளை நடைமுறைப்படுத்தும் முழு அதிகாரத்தை ஒரே அலுவலரிடம் ஒப்படைக்கச் செய்ய வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.

இத்தகைய பொதுக் கட்டடத்தில் அறைகள் வெவ்வேறு துறைகளுக்கு உரியனவாயினும் நடைபாதை, வடிகால், காற்றோட்டக் குழாய் ஆகியன அனைவருக்கும் பொதுவானவை. எனவே ஓர் அறையில் தோன்றும் ஆபத்து, அதைப் பற்றி எதுவும் அறியாத மற்றோர் அறையைச் சென்றடைகின்றது. மிளகின் மணமும் காரமும் அடங்கிய ஒலியோரெசின் என்னும் பிசினெண்ணெயைப் பிரித்தெடுக்கப் பயன்படும் கரைப்பான்களுள் ஒன்றான எக்சேனின் ஆவி, காற்றைவிடப் பாரமானதாகையால் தரையோடு பரவி, சற்றுத் தொலைவிலுள்ள தீப்பொறியிலும் பற்றிக்கொள்ளக் கூடும். மாதிரிகளைக் குளிரூட்ட உதவும் திரவ நைதரசன் ஒரு லீற்றர் ஆவியானால் ஏறத்தாழ 700 லீற்றர் வாயுவாக விரிந்து, மூடிய அறையின் ஒட்சிசனை வெளியேற்றிவிடும். நைதரசனுக்கு நிறமோ மணமோ இல்லாமையால் உள்ளே நுழைபவர் மயங்கி விழும்வரை எதையும் உணரமாட்டார்.

2018 டிசம்பர் 5ஆம் திகதி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகூடமொன்றில் நிகழ்ந்த வாயு உருளை வெடிப்பில் பொறியியலாளர் ஒருவர் உயிரிழந்தார், மூவர் காயமடைந்தனர். அவர்கள் கழகத்தின் ஊழியர்களல்லர். கழகத்தோடு இணைந்து அங்கு பணிபுரிந்த தொடக்கநிலை நிறுவனமொன்றைச் சேர்ந்தவர்கள். ஒரு கட்டடத்தில் உழைப்போர் அனைவரும் அதன் ஊழியர் பட்டியலில் இருப்பதில்லை என்பதை இது உணர்த்துகின்றது. 2010இல் அமெரிக்காவின் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 100 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாதென வாய்மொழியாகக் கூறப்பட்ட வெடிக்கும் சேர்மத்தை ஏறத்தாழ 10 கிராம் அளவில் தயாரித்தபோது மாணவர் ஒருவர் மூன்று விரல்களை இழந்தார். அங்கு முன்னர் நேர்ந்த விபத்துகள் முறையாகப் பதியப்பட்டு ஏனையோருக்கு அறிவிக்கப்படவில்லை என்பதை அமெரிக்க இரசாயனப் பாதுகாப்புச் சபையின் விசாரணை வெளிப்படுத்தியது. தில்லிப் பல்கலைக்கழக இரசாயனவியல் துறையில் 1985 முதல் பயன்படுத்தப்படாதிருந்த, கோபாற்று-60 என்னும் கதிரியக்கப் பொருளைக் கொண்ட கருவி 2010இல் பழைய இரும்பாக ஏலத்தில் விற்கப்பட்டது. அது பிரிக்கப்பட்ட தில்லி மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் தொழிலாளி ஒருவர் கதிர்வீச்சுக்கு உள்ளாகி மாண்டார்.

பின்னைய இரு நிகழ்வுகளிலும் ஆபத்தைப் பற்றிய அறிவு எங்கோ ஓரிடத்தில் இருந்தது. தேவைப்பட்டவரிடம் அதைச் சேர்க்கும் கடமையே எவருக்கும் தெளிவாக உரியதாக இருக்கவில்லை. ஆதலால் கட்டடப் பாதுகாப்பு அலுவலருக்கு, துறைத்தலைவரின் அனுமதியை எதிர்பாராமலே ஆபத்தான பணியை உடனடியாக நிறுத்தும் அதிகாரம் வேண்டும். எந்த அறையில் எந்தப் பொருள் எவ்வளவு உள்ளதென்னும் பொதுப் பதிவேடு அவர் பொறுப்பில் இருத்தல் வேண்டும். தீயணைப்புப் படையினர் வாசலிலேயே அதைப் பெற வேண்டும். நைத்திரிக் அமிலக் கழிவையும் சேதனக் கரைப்பான் கழிவையும் ஒரே போத்தலில் ஊற்றினால் வாயு பெருகிப் போத்தல் வெடிக்கக் கூடுமாகையால், கழிவுகளை வேறாக்கிப் பெயரிடுவதும், ஆய்வை முடித்து வெளியேறுபவர் தம் பொருள்களை ஒப்படைத்த பின்னரே விடுவிக்கப்படுவதும் விதியாக்கப்பட வேண்டும். இரவிலும் விடுமுறை நாள்களிலும் ஒருவர் தனித்து ஆபத்தான பரிசோதனை செய்தல் தடுக்கப்பட வேண்டும்.

அறிவித்தல்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் அமைதல் இன்றியமையாதது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதப்படும் விதி ஆய்வாளரைக் காக்கலாம். அவர் சென்றபின் மேசையைத் துடைத்துக் கழிவுக் கூடையை எடுக்கும் துப்புரவுத் தொழிலாளியை அது காக்காது.

இத்தகைய ஒழுங்கு ஆராய்ச்சியின் சுதந்திரத்தைக் குறுக்கும் என்னும் எதிர்வாதம் எழக்கூடும். எதை ஆராய்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஆய்வாளருடையது. அயலறையில் இருப்பவரை அவர் அறியாமலே ஆபத்துக்கு உட்படுத்தும் உரிமை அதனுள் அடங்காது. புதிய கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் நிதி ஒதுக்கப்படும்போதே பாதுகாப்பு அலுவலருக்கான பதவியும் பயிற்சிச் செலவும் அந்த ஒதுக்கீட்டில் சேர்க்கப்பட வேண்டும் என்றும், தற்போதுள்ள பொதுக் கட்டடங்கள் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் யாரென்பதைத் துணைவேந்தர்கள் எழுத்தில் அறிவிக்குமாறு ஆணைக்குழு பணிக்க வேண்டும் என்றும் இம்மடல் கேட்டுக்கொள்கின்றது.

இங்ஙனம்,
மாணவர் நலன் விழையும் மாத்தளை வாசி ஒருவர்