பார்த்தாலே தெரியுமாம்!

‘பார்த்தாலே தெரியலையா தோழர்?’

இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறேன். சொன்னவர் எதிரி இல்லை. நம்மாளு. வன்கொடுமை வழக்கு ஒவ்வொன்றுக்கும் சேலத்துக்கும் ஏற்காட்டுக்குமாக சொந்தக் காசில் பஸ் ஏறி அலைந்தவர். அவரிடம் பாடம் படித்தவன் நான். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தின தை மாதம். ஏற்காட்டில் மூன்று நாள் பயிலரங்கம். நாகலூர் போகிற வழியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். பகலெல்லாம் அம்பேத்கர், நிலம், பஞ்சமி, இடஒதுக்கீடு என்று தொண்டை வறளப் பேச்சு. ராத்திரி பாய் விரிக்கிற நேரத்தில் ஒரு கல்லூரி மாணவனைக் காட்டித்தான் தோழர் மேற்படி வாக்கியத்தைச் சொன்னார். அந்தப் பையனுக்குக் குரல் மெலிசு. பேசும்போது கை கூடவே பேசும். நடையில் ஒரு அசைவு. அவ்வளவுதான். ‘பசங்களுக்குப் பக்கத்துல வேணாம், வராந்தாவுல படுக்கச் சொல்லுங்க’ என்றார். யாரோ ‘ஒம்போது’ என்று முனகினான். கூடம் முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் நானும் ஒருவன். மலையில் தைக்குளிர் எப்படியிருக்கும் என்று தெரிந்த, எஸ்டேட் லைன் வீட்டில் கோணியைப் போர்த்திக்கொண்டு வளர்ந்த நானும்தான் சிரித்தேன். விடியறதுக்குள் பையன் பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் இறங்கிப் போய்விட்டான்.

அவன் யார்மேல் ஆசைப்படுகிறவன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் வேறொன்று தெரியும். அன்றைக்குக் கூடத்துக்குள்ளே, நடுவில், எல்லோரோடும் ஒட்டிப் படுத்திருந்தவர்களில் இன்னொருவர் இருந்தார். முறுக்கு மீசை, கனத்த குரல், பறையைத் தோளில் மாட்டினால் ஊரே எழுந்து நிற்கும். ஆறேழு மாசம் கழித்து ஒருநாள் ஒண்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னார்: ‘அவன வெளிய போட்டீங்களே, உள்ள உன் பக்கத்துல படுத்திருந்தது நான்தான்யா.’ அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஊர், பேர், வேலை எதுவும் கேட்காதீர்கள்.

ஆக, ‘பார்த்தாலே தெரிந்த’ லட்சணம் இதுதான்!

இந்த வாக்கியம் எங்கிருந்து வருகிறது தோழர்களே? நமக்கு இது புதுசா? சேலத்தில் படிக்கும்போது ரூம் தேடி அலைந்தேன். வீட்டுக்காரம்மா தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டு, ‘ஏற்காடா? எஸ்டேட்டா?’ என்று கேட்டது நினைவிருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் ஒருத்தன் பெருந்தன்மையோடு, ‘உன்னப் பார்த்தா அப்படித் தெரியலையேடா’ என்றான். பாராட்டாம்! எப்படித் தெரியணும் என்று எதிர்பார்த்திருந்தானோ அதைத் திருப்பிக் கேட்க அன்றைக்கு எனக்குத் தைரியம் வரவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பார்த்தாலே சாதி தெரிந்துவிடும் என்று சொல்கிறவன் பார்வையோடு நிறுத்துவதே இல்லை. எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பேர் என்ன, குலசாமி எது என்று தோண்டுகிறான். முதுகில் செல்லமாகத் தட்டிக்கொடுப்பதுபோல் பூணூலைத் தடவிப் பார்க்கிறான். பார்த்தாலே தெரிகிறவனுக்கு இத்தனை கேள்வி எதற்குய்யா?

பார்வையை அளவுகோலாக்கி, அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் வைத்த கதை இந்த மலைக்கே உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து அட்டவணை போட்டவர். 1899இல் அருங்காட்சியகம் வெளியிட்ட அவருடைய மானுடவியல் வெளியீட்டில் ஆனைமலைக் காடர்களோடு சேர்வராயன் மலை மலையாளிகளும் வருகிறார்கள். நம் அக்கம்பக்கத்துப் பழங்குடிச் சனங்கள்! தங்கள் உடம்புக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று வெளியிலிருந்து வந்த ஒருவர் படித்துச் சொல்ல, அவர்கள் நின்று காட்ட வேண்டியிருந்தது. மூக்கின் அகலத்துக்கும் சாதியின் உயரத்துக்கும் முடிச்சுப் போட்டவர் ரிஸ்லி. அம்பேத்கர் என்ன செய்தார்? 1948இல் ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் அதே மூக்களவை எடுத்து அவர்கள் முகத்திலேயே வீசினார். உங்கள் அளவுப்படியே பார்ப்பனரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான், பிறகு என்ன பேச்சு என்று கேட்டார். அந்த அம்பேத்கரைப் பகலில் பாடம் நடத்திவிட்டு ராத்திரியில் நாம் நடையை அளந்தோம்.

மூக்கும் நடையும் ஒன்றா என்று கேட்பவர்களுக்கு வெள்ளைக்காரன் போட்ட சட்டமே பதில் சொல்லும். 1871 குற்றப் பரம்பரைச் சட்டம் என்றால் நமக்குக் கள்ளரும் குறவரும்தான் நினைவுக்கு வருவார்கள். சென்னை மாகாணத்துக்கு அந்தச் சட்டம் வந்தது 1911இல். ஆனால் 1871 சட்டத்துக்கு இரண்டாவது பாகம் ஒன்று இருந்தது, அதை நம் கூட்டங்களில் யாரும் சொல்வதில்லை. வடக்கே குற்றச் சந்தேகத்துக்கு ஆளான ‘அலிகளை’ப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது அந்தப் பாகம். பதிவானவர் பெண்ணுடையிலோ நகையிலோ தெருவில் தென்பட்டால், பொது இடத்தில் ஆடினால் பாடினால், வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம். இரண்டு வருஷம்வரை உள்ளே போடலாம். ஒரே சட்டம். முதல் பாகம் பிறப்பைப் பார்த்துக் குற்றவாளி என்றது, இரண்டாம் பாகம் சேலையைப் பார்த்துக் குற்றவாளி என்றது. முதல் பாகத்தை எதிர்த்து மாநாடு போடுகிறோம், இரண்டாம் பாகத்தை மட்டும் நெஞ்சுக்குள் வைத்துப் பாதுகாக்கிறோம்.

1884இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கு இன்னும் அசிங்கம். பெண்ணுடையில் பாட்டுப் பாடியதைப் பார்த்தார்கள். சந்தேகப்பட்டார்கள். மருத்துவரிடம் கொண்டுபோய் ஆசனவாயைச் சோதித்து, அதன் வடிவத்தையே சாட்சியாக்கி 377இல் தண்டனை கொடுத்தார்கள். எப்போது, எங்கே, யாரோடு என்று எதுவுமே குற்றச்சாட்டில் இல்லை! அதனால் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. செய்யும்போதும் போலீசின் நோக்கத்தைப் பாராட்டத் தவறவில்லை.

அந்த 377ஐ ஒத்த மனதுள்ள வயது வந்தவர்களுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2018 செப்டம்பர் 6 ஆக வேண்டியிருந்தது. நம் மாநிலத்தில் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கில், தனக்கே இந்த விஷயத்தில் அறியாமை உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதினார். பாலீர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று வைத்தியம் பார்ப்பதற்குத் தடை சொன்னார். இப்படிப்பட்டவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் போலீஸ் நடத்தை விதியிலேயே சேர்த்தாயிற்று. உயர்நீதிமன்ற நீதிபதி ‘எனக்குத் தெரியாது’ என்கிறார். நம் தோழருக்கோ பார்த்தாலே தெரிகிறது!

‘இப்ப கம்ப்யூட்டரே முகத்தப் பார்த்துச் சொல்லுதாமே’ என்று ஒரு மாணவர் கேட்டார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017இல் கிளம்பிய சமாச்சாரம். ஒரு தன்பாலீர்ப்பு ஆண், ஒரு எதிர்பாலீர்ப்பு ஆண் என இரண்டு படத்தைப் பக்கத்தில் வைத்து, யார் எவர் என்று கேட்டால் 81 சதவீதம் சரியாகச் சொன்னதாம். மனிதர்கள் 61 சதவீதம்தான். பெண்கள் படத்தில் 54, அதாவது ஏறக்குறையக் காசைச் சுண்டிப் போடுகிற மாதிரி. எல்லாம் அமெரிக்க வெள்ளைக்காரர்கள் துணை தேடுவதற்குத் தாங்களே பார்த்துப் பார்த்துப் போட்ட படங்கள். கண்ணாடி, தாடி, மை, கேமராவைப் பிடித்த கோணம் இதையெல்லாம்தான் எந்திரம் படித்தது, எலும்பை அல்ல என்று மற்ற ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

சரி, 60 சதவீதம் சரி என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரில் 50 பேர் தன்பாலீர்ப்புள்ளவர்கள் என்று ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். உங்கள் ஞானக்கண் 30 பேரைச் சரியாகக் காட்டும். மீதி 950 பேரில் 40 சதவீதம், 380 பேரைத் தப்பாகக் காட்டும். மொத்தம் 410 பேரை வராந்தாவில் படுக்கப் போட்டீர்கள் என்றால் 30 பேர்தான் நீங்கள் நினைத்த ஆட்கள். மீதி 20 பேர் கூடத்துக்குள்ளே போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். தப்பில்லாமல் காட்டினால் மட்டும் வராந்தாவில் போடுவது சரியாகிவிடுமா என்பது வேறு கேள்வி, அதுதான் பெரிய கேள்வி.

அடையாளம் என்பதே இடத்துக்கு இடம் மாறுகிறது. வெள்ளைக்காரன் ஏற்காட்டு ஏரிக்கரைக்கு வந்து, இரண்டு ஆம்பளைகள் விரல் கோத்துக்கொண்டு, தோளில் கை போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? நமக்கு அது சிநேகிதம். இங்கே லாட்ஜில் ஆணும் பெண்ணும் ரூம் கேட்டால் ‘கல்யாணம் ஆயிடுச்சா’ என்கிறார்கள். இரண்டு ஆம்பளை கேட்டால் சாவியை நீட்டுகிறார்கள். அதே சனம்தான் கூத்தில் பெண்வேஷம் கட்டுகிறவரைக் காலமெல்லாம் கேலி பேசுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்வேஷக்காரருக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். பெண்மை சாயல் வேறு, தன்னை எந்தப் பாலாக உணர்கிறார் என்பது வேறு, யார்மேல் ஆசை என்பது வேறு. மூன்றையும் ஒரே வசவுச் சொல்லில் அடைப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம்.

‘அவங்களுக்குள்ள கண்டுபிடிச்சுக்கிறாங்களே’ என்பார்கள். ஆமாம், கண்டுகொள்கிறார்கள். கோத்திகளுக்கு என்று தனிப் பேச்சு உண்டு, சாடை உண்டு. அது ஒருவர் இன்னொருவருக்கு விரும்பிக் காட்டுவது. போலீஸ்காரனுக்கும் பயிலரங்கப் பொறுப்பாளருக்கும் காட்டுவதல்ல. அவர்கள் ‘பந்தி’ என்று சொல்கிற ஆள் எல்லா ஆம்பளையையும் போலத்தான் இருப்பான். பார்க்கில் லத்தி விழுகிறபோது பந்தி சட்டையைச் சரிசெய்துகொண்டு பெண்டாட்டி பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் போய்விடுவான். அடி வாங்குகிறவள் கோத்தி. அதிலும் ஸ்டேஷனுக்கு வக்கீலோடு வர ஆளில்லாதவள், சேரியிலிருந்து வந்தவள். பார்வையால் தீர்ப்பு எழுதினால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

சாந்தி சௌந்தரராஜனை மறந்துவிட்டோமா? புதுக்கோட்டை கத்தக்குறிச்சி. செங்கல் சூளைத் தொழிலாளி மகள், நம் வீட்டுப் பெண். 2006 தோகாவில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அது ஆசை பற்றிய விஷயமில்லை, உடம்பு பற்றியது. ஆனால் பார்த்த கண் இதே கண். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். ‘பார்த்தாலே தெரியலையா’ என்று டீக்கடையில் நாலு பேர் சிரித்ததை என் காதால் கேட்டேன். அன்றைக்கு எனக்கு ஆத்திரம் வந்தது. சொந்தச் சாதிக்காரி என்பதால் வந்த ஆத்திரம்தானோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

இது மேல்சாதி நகரத்து ஆட்களின் பிரச்சினை, நமக்கு எதற்கு என்கிற தோழர்களும் உண்டு. பறையடிக்கிற என் நண்பர் எந்த நகரத்தில் பிறந்தார்? வராந்தாவில் படுத்த பையன் எந்த மேல்சாதி?

அந்தப் பையனுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் போட்டேன். பதில் இல்லை. அமைப்பு எழுத வேண்டும் என்று தோழரிடம் சொன்னேன். ‘சின்ன விஷயத்தைப் பெருசாக்காத தம்பி’ என்றார். தையில் மறுபடியும் பயிலரங்கம் வருகிறது. நிகழ்ச்சி நிரலில் முதல் நாள் காலையில் இதைப் பேச அரை மணி நேரம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டவர்கள் இதுவரை நான்கு பேர். மீசைக்கார நண்பர் போடவில்லை. போடச் சொல்லி நானும் கேட்கவில்லை.