நிழல்தான் முதல் பொலிஷ்



இன்றைக்குப் பாடசாலை விஷயம் இல்லை. நாங்கள் தினமும் ஓடுகிற வாகனங்களைப் பற்றி ஒரு கருத்து. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் என் ஸ்கூட்டியின் சீட் வெளுத்துப் போய்விட்டதே என்று கடையில் ஒரு போத்தல் பொலிஷ் வாங்கிப் பூசினேன். புதுசு போலப் பளபளத்தது. அடுத்த நாள் காலை பண்ணைப் பாலம் தாண்டி மண்டைதீவுக்கு வரும்போது ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். பின்னால் இருந்த மகள் வழுக்கி வந்து என் முதுகில் மோதினாள். அல்ஹம்துலில்லாஹ், வேகம் குறைவு, ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து போத்தலை எடுத்துப் பார்த்தால், சீட்டுக்குப் பூச வேண்டாம் என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அது ரயர் பொலிஷ். பிள்ளைகளுக்குக் கேள்வியை ஒழுங்காக வாசியுங்கள் என்று சொல்கிற ஆசிரியர் நான்!

அன்றிலிருந்து இந்த விஷயத்தைக் கொஞ்சம் தேடிப் படித்தேன். விளங்கியதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் எல்லாப் பழியையும் உப்புக் காற்றில் போடுவோம். உப்பு தின்பது இரும்பை. பிளாஸ்ரிக்கை வெளுக்க வைப்பது வெயில். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பிளாஸ்ரிக்கின் மூலக்கூற்றுச் சங்கிலியை அறுக்கிறது. அதனால்தான் கறுப்பு பம்பரும் மட்காட்டும் சாம்பல் பூத்து, தொட்டால் கையில் மா மாதிரி ஒட்டுகின்றன. சீட்டிலும் ஓட்டோ ஹூட்டிலும் இருக்கிற றெக்சின் வேறு விதம். அதை மெதுவாக வைத்திருப்பதற்கு ஒரு எண்ணெய்ப் பொருள் கலந்திருக்கிறார்கள். சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, றெக்சின் விறைத்து வெடிக்கிறது.

ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கும். வடக்கில் இருக்கிற எங்களுக்கு அது அந்த நாட்களின் கடைசிப் பகுதி. ஓகஸ்ட் கடைசியில் மறுபடியும் வரும். மரம் குறைந்த தீவில் வாகனம் எங்கே ஒளியும்?

இது வெறும் அழகு விஷயம் என்று நினைக்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் பழைய வாகனங்களே எங்களைச் சுமந்தன. திறந்த பிறகும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஓட்டோ ஓடிப் பிழைக்கிற ஒருவருக்கு ஹூட் கிழிந்தால் அது அந்த மாத வீட்டுச் செலவில் விழுகிற அடி. ஆகவே இருக்கிறதைக் காப்பாற்றுவதுதான் புத்தி.

நாங்கள் செய்யும் பிழைகள் இவை. தேங்காயெண்ணெய் பூசுகிறோம், இரண்டு நாள் கறுப்பாக இருக்கும், பிறகு புழுதியும் மணலும் ஒட்டி அரம் மாதிரித் தேய்க்கும். மண்ணெண்ணெயாலும் பெற்றோலாலும் துடைக்கிறோம். றெக்சினுக்குள் மிச்சமிருக்கும் மென்மையையும் அது இழுத்து எடுத்துவிடும். மினுக்கம் தருகிற சிலிக்கோன் பொலிஷ் பூசுகிறோம். மினுக்கம் வேறு, பாதுகாப்பு வேறு.

செய்யவேண்டியது இவ்வளவுதான். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் புழுதியைத் துடையுங்கள். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படலம் பிடிக்கும், இரும்பும் கறள் பிடிக்கும். நல்ல தண்ணீரின் அருமை தெரிந்த ஊர் இது. வுழூவுக்குக்கூடத் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று படித்த எனக்கு, மோட்டார் சைக்கிளுக்கு அரை வாளி போதும் என்றுதான் படுகிறது. நன்றாகக் காய்ந்த பிறகு, பம்பர், டாஷ்போர்ட் போன்ற இடங்களுக்கு ‘வோட்டர் பேஸ்’ என்றும் ‘யூவீ’ பாதுகாப்பு என்றும் எழுதியிருக்கிற பூச்சை மெல்லிதாகப் பூசி, மிஞ்சியதைத் துடைத்து எடுங்கள். அது கழன்று போகும், இடைக்கிடை திரும்பப் பூச வேண்டும். சீட், கால் மிதி, ஹாண்டில் பிடி, பிரேக், ரயர் தரையில் படுகிற பகுதி, இவற்றில் எதையும் பூசாதீர்கள். என் மகள் சாட்சி.

ஆனால் எந்தப் போத்தலும் நிழலுக்கு ஈடில்லை. ஒரு பழைய வெள்ளைத் துணி சீட்டின் மேல் கிடந்தாலே பாதி வேலை முடிந்தது. மரத்தின் கீழ் விட்டால் காகம் எச்சம் போடும் என்பீர்கள். எச்சத்தை ஈரத்துணியால் துடைக்கலாம். வெயில் கொண்டுபோன நிறத்தைத் துடைத்துத் திருப்பிக் கொண்டுவர முடியுமா?

ஆகவே என் கருத்து இது. பொலிஷுக்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கை மரக்கன்றுக்குக் கொடுப்போம். உவர் மண்ணைத் தாங்கும் பூவரசு இருக்கிறது, வேம்பு இருக்கிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படிப்பிக்கப் போகிறவர்கள் காலையில் குறிகட்டுவானில் விடுகிற மோட்டார் சைக்கிள் பின்னேரம் வரை அங்கேதான் நிற்கிறது. அங்கேயும், பாடசாலை வாசல்களிலும், கோயில், பள்ளிவாசல் முன்றல்களிலும் நிழல் வேண்டும்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 1ஆம் திகதி எங்கள் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மட்ச் நாளில் எத்தனை வாகனம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். தரிப்பிடம் வெறும் வெட்டையாக இருக்கப் போகிறதா, மர நிழலோடு இருக்கப் போகிறதா என்று இப்போதே கேட்கவேண்டியவர்கள் நாங்கள்தான். கட்டி முடித்த பிறகு கேட்டால் மரம் வளர இன்னும் பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.

வருகிற மாரிக்கு முதல் மழையோடு எங்கள் பாடசாலை மதிலோரம் ஐந்து பூவரசந்தடி ஊன்றப் போகிறேன். அதிபரிடம் கேட்டாயிற்று, சம்மதித்துவிட்டார். நல்ல தடி இருக்கிறவர்கள் ஒன்று வெட்டித் தாருங்கள்.