யானை இழுத்த விமானமும் ஓடாவியின் பலகையும்



சோளகம் வீசத் தொடங்கிவிட்டது. மாலையில் கனமூலைக் கரையில் நின்றால், களப்புக்கு அப்பால் மாம்புரிப் பக்கத்துக் காற்றாலைகள்தான் நினைவுக்கு வருகின்றன. போன வாரம் ஒரு மாணவர், “அந்த இறக்கைக்குள்ளே மரம் இருக்காமே, உண்மையா சேர்?” என்று கேட்டார். பெரிய காற்றாலை இறக்கைகள் பலவற்றில் பைபர் தோலுக்கு நடுவே பல்சா என்ற மிக இலேசான மரம் இருப்பது உண்மைதான். அந்தக் கேள்வி என்னை விமானத்தின் மூக்கில் சுற்றும் காற்றாடியிடம் கொண்டுபோய்விட்டது.

1903இல் ரைட் சகோதரர்கள் ஸ்ப்ரூஸ் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, எட்டரை அடிக் காற்றாடியைக் கையாலேயே செதுக்கினார்கள். ஏன் ஒட்டவேண்டும்? நம்மூர் ஓடாவி எவரிடமும் கேளுங்கள்: ஒற்றைப் பலகை ஈரத்தில் கோணும், வெயிலில் வெடிக்கும். 1909இல் விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியபோதும், முன்னால் சுழன்றது ஷோவியே என்பவர் செய்த, அடுக்கி ஒட்டிய வால்நட் மரம்.

பிறகு அலுமினியம் வந்தது. அத்தோடு மரத்தின் கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் 1930களில் ஜெர்மனியின் ஷ்வார்ஸ் முறை அந்தக் கதையை மாற்றியது. மெல்லிய மரத் தகடுகளுக்கு ரெசின் பூசி, சூட்டில் அழுத்தினால் கல்லைப்போல இறுகும். சுழலும்போது பிய்த்துக்கொண்டு போகும் இழுவையைத் தாங்க அடிப்பாகத்துக்கு அது. நுனிக்கு இலேசான மரம். இரண்டையும் நீளச் சாய்வாகச் சீவி ஒட்டி, மேலே கம்பி வலையும் பிளாஸ்டிக் பூச்சும் போட்டார்கள். நம் பைபர் படகுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் ரோடோல் நிறுவனம் இப்படிப்பட்ட மரக் காற்றாடி இறக்கைகளை ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்குக் கொடுத்தது. 1942 ஏப்ரல் 5இல் ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழும்பியவற்றுள் பெரும்பாலானவை ஹரிக்கேன்கள். மர இறக்கைக்கு இன்னொரு குணம் உண்டு. விமானம் தரையில் மோதினால் இறக்கை சிதறிப்போகும், பெரும்பாலும் எஞ்சின் தப்பிவிடும். படகு எஞ்சினில் ‘பின்’ ஆணி முறிந்து மற்றதைக் காப்பாற்றுவதில்லையா, அதுபோல.

நமக்கு வடக்கே, புத்தளத்திலும் 1943இல் பிரிட்டிஷ் கடற்படை ஒரு விமானத் தளம் திறந்தது. பெயர் ராஜாலியா. நம் இராசாளிதான், சிங்கள உச்சரிப்பில்! அங்கே யானை ஒன்று கோர்செயர் விமானத்தை இழுத்துப் போகும் படம் இன்றும் இருக்கிறது. கோர்செயரின் காற்றாடி உலோகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த யானையை விட்டுவிட மனம் வரவில்லை.

மரத்தின் கதை இன்னும் முடியவில்லை: ஜெர்மனியில் ஹோஃப்மான், எம்டி போன்ற நிறுவனங்கள் மரத்தின்மேல் பைபர் போர்த்திய காற்றாடிகளை இன்றும் செய்கின்றன.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்காவது அந்தப் புத்தளத் தளத்தின் கதை, அங்கே வேலைக்குப் போன வாப்பாவோ அப்பாவோ சொன்ன கதை, ஞாபகம் இருந்தால் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள். எழுத்துப் பிழையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்