கொடையும் பதாகையும்

நம் மன்றத்து முத்தமிழ் விழாவில் ஆண்டுதோறும் ஒருவராவது கடையெழு வள்ளல்களைப் பற்றிப் பேசாமல் இருப்பதில்லை. சென்ற ஆண்டு அந்தப் பேறு எனக்கு வாய்த்தது. மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்த பேகனைப் பற்றிப் பேசினேன். மயில் போர்வை கேட்கவில்லை. நன்றி கூற அதற்கு வாயும் இல்லை. அத்தகைய கொடையே கொடை என்று முடித்தேன். அவையில் நெடுநேரம் கையொலி எழுந்தது. அப்பேச்சைப் பேசிய இதே நான் இரண்டு வாரம் கழித்து என்ன செய்தேன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் நாள். அதையொட்டித் தில்லியின் ஓரத்தில், எச்.ஐ.வி. தொற்றுடைய குழந்தைகளை வளர்க்கும் ஒரு சிறிய இல்லத்துக்கு உதவி வழங்கச் சென்றோம். உங்களில் பலர் பணம் தந்தீர்கள். மொத்தம் 18,000 ரூபாய் சேர்ந்தது. வண்டி வாடகை, பதாகை, எங்கள் சிற்றுண்டி ஆகியவற்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போயிற்று. மீதிக்குக் கம்பளியும் பழமும் பிஸ்கட்டும் வாங்கினோம்.

அந்த இல்லத்தின் வாயிலில் பெயர்ப்பலகை இல்லை. ஏன் இல்லை என்று எங்கள் பன்னிருவரில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நல்ல இடம் காலியாக இருக்கிறதே என்று பதாகையை அங்கேயே கட்டினோம். மன்றத்தின் பெயர் பெரிய எழுத்தில். அதன் கீழே, எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகளுக்கு உதவி வழங்கும் விழா. தமிழில் மட்டும் எழுதியிருந்தாலாவது அக்குழந்தைகள் தப்பியிருப்பார்கள். ஊருக்கும் விளங்கட்டுமே என்று இந்தியிலும் எழுதியிருந்தோம்!

அரைமணி நேரம் அது அங்கே தொங்கியது. உள்ளே வேலையாக இருந்த கேரளத்து அம்மையார் ஒருவர் பார்த்துவிட்டு ஓடி வந்தார். ஒரு சொல்லும் பேசாமல் முதலில் கயிற்றை அவிழ்த்தார். பிறகுதான் பேசினார். "தம்பி, பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட நாங்கள் சொன்னதில்லை. ஏழைப் பிள்ளைகள் விடுதி என்றுதான் சொல்லியிருக்கிறோம். இவர்கள் தெருமுனைப் பள்ளியில்தான் படிக்கிறார்கள்."

அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. உள்ளே சென்று கைப்பேசியில் படம் எடுத்தேன். ஒன்பது வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை, ஆரஞ்சுப் பழம் வாங்கிய கையாலேயே முகத்தை மறைத்துக்கொண்டது. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மையாரிடம் தொலைபேசியில் பேசியபோது, இரண்டு பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டியதாயிற்று என்றார். "உங்களால் என்று நான் சொல்ல மாட்டேன், தம்பி" என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் சொல்லாததை நானே சொல்லிக்கொள்கிறேன்.

இந்நோயின் பழி எங்கே தொடங்கியது? 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் இந்தியாவில் இத்தொற்றை முதலில் கண்டறிந்தனர். நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. அவை பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் குருதி. அன்று முதல் நோயின் பெயரோடு ஒழுக்கத்தின் பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆனால் இக்குழந்தைகளில் பெரும்பாலோர் தாயின் வயிற்றிலோ, பிறக்கும் போதோ, தாய்ப்பாலிலோ இத்தொற்றைப் பெற்றவர்கள். தாய்க்கும் சேய்க்கும் உரிய காலத்தில் மருந்து கிடைத்தால் நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே குறைக்கக்கூடிய ஆபத்து இது. அந்த மருந்து தவறிப்போன இடத்தில் பிறந்த பிள்ளையிடம் ஒழுக்கத்தைப் பற்றிக் கேட்பவரை என்னென்பது?

அரசு எல்லாம் செய்கிறதே, நாம் எதற்கு என்று என் அறைத்தோழன் கேட்டான். கேள்வி தவறன்று. 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாகத் தரப்படுகிறது. 2006இல் குழந்தைகளுக்கென்றே தனித் திட்டம் வந்தது. 2021 முதல் 2026 மார்ச்சு வரையிலான ஐந்தாண்டுகளுக்கு மத்திய அரசு ஒதுக்கிய தொகை 15,471 கோடி ரூபாய்க்கும் மேல். இதன் முன்னே நம் 18,000 ரூபாய் கடலில் கரைத்த பெருங்காயம்.

ஆனால் அரசு மருந்தைக் கொடுக்கிறது. மருந்து தரும் இடத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்வது யார்? பல வீடுகளில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. பாட்டிதான் போக வேண்டும். அன்றைக்குப் பாட்டிக்குக் கூலி போயிற்று, பிள்ளைக்குப் பள்ளி போயிற்று, பேருந்துக்கும் காசு போயிற்று. இந்த மருந்தை ஒரு நாளும் விடாமல் உண்ண வேண்டும். அடிக்கடி விட்டால் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிவிடும். வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு மாத்திரை குமட்டுகிறது. முன்பு சிறு குழந்தைகளுக்குக் கொடுத்துவந்த லோபினவிர் பாகின் கசப்பைப் பற்றி அந்த அம்மையார் சொன்னபோதே எனக்கு நாக்கு சுருங்கியது. இப்போது நீரில் கரையும் டோலுடெக்ராவிர் மாத்திரை வந்திருக்கிறது; அது பெரிய ஆறுதல். ஆனாலும் அதைக் கரைத்துக் கொடுக்க விடியற்காலையில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டுமே!

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டத்தை அண்மையில் படித்தேன். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. ஒருவருடைய தொற்றை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என்கிறது. தொற்றைக் காரணம் காட்டிப் பள்ளியில் இடம் மறுக்கலாகாது என்கிறது. எங்கள் பதாகை சட்டத்தின் முன்னும் தலைகுனிய வேண்டியதே. ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு பிரிவு. நோயால் பாதிக்கப்பட்ட குடும்பத்தை நடத்திவரும் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறைந்து, போதிய அறிவு முதிர்ச்சியும் இருந்தால், தன் தம்பி தங்கையருக்குப் பள்ளிச் சேர்க்கை, சிகிச்சை, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் அப்பிள்ளையே காப்பாளராக இருக்கலாம் என்பது அது. பன்னிரண்டு வயது! அந்த வயதில் நான் என் கையெழுத்தையே மூன்று விதமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன என்று அறிந்துதானே சட்டம் எழுதியவர்கள் இதை எழுதியிருக்க வேண்டும்? அந்தப் பிள்ளைக்கு ஆண்டுக்கொரு முறை நாம் கொடுக்கும் பிஸ்கட் பொட்டலம் எதற்கு ஆகும்?

மறைவாகவே எல்லாம் நடக்க வேண்டுமானால் பயம் எப்படித் தீரும் என்றும் ஒருவர் கேட்கலாம். 2003ஆம் ஆண்டு கேரளத்தில் தொற்றுடைய இரண்டு குழந்தைகளைப் பள்ளியில் ஏற்க மறுத்தார்கள். அன்று மத்திய நலவாழ்வுத் துறை அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜ் எல்லார் முன்னிலையிலும் அவர்களை அணைத்துக்கொண்டார். தொட்டால் ஒட்டாது என்பதை ஆயிரம் சுவரொட்டிகள் சொல்லாத அளவுக்கு அந்த ஓர் அணைப்பு சொல்லிற்று. அதை நான் குறை கூற மாட்டேன். ஆனால் அங்கே ஊர் முன்பே அறிந்து, முன்பே விலக்கிவிட்டது. மறைப்பதற்கு ஒன்றும் மீதியில்லை. எங்கள் தெருவிலோ ஒருவரும் அறியாதிருந்தனர். அறிவித்தவர்கள் நாங்கள்.

கொரோனா காலத்தை எண்ணிப் பாருங்கள். 2021 மே மாதத்தில், அந்நோயால் தாய் தந்தை இருவரையும் இழந்த ஒவ்வொரு குழந்தையின் பெயரிலும் 5 லட்சம் ரூபாய் வைப்பு நிதி இடுவதாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. 23 வயதில் 10 லட்சம் கிடைக்கும் திட்டத்தை மத்திய அரசும் அறிவித்தது. நாடே இரங்கியது, இரங்க வேண்டியதுதான். ஆனால் அனாதையான பிள்ளைக்கு, பெற்றோரைக் கொண்டுபோனது எந்தக் கிருமி என்பதால் துயரம் கூடுமா, குறையுமா? ஒரு நோய்க்கு வெட்கம் இல்லை, மற்றொன்றுக்கு உண்டு. நம் இரக்கமும் அந்த வழியே ஓடுகிறது.

இவ்வகையில் எனக்குப் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. 2009இல் தமிழ்நாட்டில், எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென ஓர் அறக்கட்டளை 5 கோடி ரூபாய் முதலோடு தொடங்கப்பட்டது. பிற்பாடு முதல் உயர்த்தப்பட்டது. முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு படிப்புக்கும் உணவுக்கும் உதவுகிறார்கள். வட்டிக்குக் களைப்பு இல்லை. டிசம்பரில் பொங்கி ஜனவரியில் அடங்குகிற வழக்கமும் அதற்கு இல்லை.

நம்மிடம் கோடி இல்லை; ஆனால் உறுப்பினர் அறுபது பேர் இருக்கிறோம். ஆளுக்கு மாதம் 50 ரூபாய் என்றால் 3,000 ரூபாய். சில பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்துக்கும் காலை முட்டைக்கும் அது போதும். எந்தப் பிள்ளை என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. பணம் எங்கே போகிறது என்று எப்படி அறிவது என்று கேட்கிறீர்களா? கேளுங்கள், கண்டிப்பாகக் கேளுங்கள். இல்லத்தின் பதிவைப் பாருங்கள். தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். கணக்கைக் கேட்பது கொடுப்பவனின் உரிமை. முகத்தைக் கேட்பது அப்படி அன்று.

இன்னொரு வேலையும் உண்டு. இதற்குக் காசே வேண்டாம். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசுத் திட்டத்தில், உறவினர் வீட்டில் வளரும் ஆதரவற்ற பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் பெற வழியிருக்கிறது. பெற்றோர் கொடிய நோயில் கிடந்தாலும் விண்ணப்பிக்கலாம். அதற்குப் படிவம் எழுத வேண்டும். வருமானச் சான்று, வங்கிக் கணக்கு என்று அலைய வேண்டும். எழுதத் தெரியாத பாட்டி படிவத்தைக் கண்டே திரும்பிவிடுகிறாள். நாமோ உதவித்தொகைக்கும் விடுதிக்கும் தேர்வுக்குமாகப் படிவம் எழுதியே கை தேய்ந்தவர்கள். இந்த ஒரு கலையில் நம்மை மிஞ்ச ஆளில்லை! அந்த அம்மையாரிடம் இதைச் சொன்னேன். ஞாயிறு பிற்பகலில் இருவர் மட்டும் வரட்டும் என்றார். கும்பலாக வேண்டாம் என்பதை இரண்டு முறை சொன்னார்.

அடுத்த பொதுக்குழுவில் இவ்விரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். டிசம்பர் 1 பயணத்தை நிறுத்த வேண்டும் என்பதும் அதில் அடங்கும். விழா இல்லாவிட்டால் மாணவர் பணம் தர மாட்டார்கள் என்று செயலாளர் அஞ்சுகிறார். அவர் அஞ்சுவது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. பேகனைக்கூடப் புலவர் பாடியதால்தானே நாம் அறிகிறோம்? ஆறு மாதம் செய்து பார்க்கலாம் என்று மட்டும் அவரிடம் கேட்டிருக்கிறேன்.

அந்தப் படத்தை அன்றே அழித்திருக்க வேண்டும். தொலைபேசியில் பேசிய நாள் இரவுதான் அழித்தேன். பதாகை என் விடுதி அறையில், கட்டிலுக்கு அடியில் சுருட்டிக் கிடக்கிறது. வரும் டிசம்பருக்கு ஆண்டை மட்டும் மாற்றி ஒட்டிக்கொள்ளலாமே என்று சென்ற வாரம் ஒரு நண்பர் கேட்டு வந்தார். கொடுக்கவில்லை.