யுவர் டர்ன், பாட்டி!

எங்கள் மந்தைவெளி அப்பார்ட்மென்ட்டில் எதிர் வீட்டுப் பாட்டிக்கு 66 வயது. பேரன் நியூஜெர்ஸியில் மூன்றாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ கால் வரும். ''ஹாய் பாட்டி'', ''சாப்பிட்டியா கண்ணா'', ''யெஸ்''... அவ்வளவுதான். போனை தாத்தாவிடம் நீட்டிவிடுவார். பேரனுக்குத் தமிழ் வராது. பாட்டிக்கு இங்கிலீஷ் வராது.

வராது என்றும் சொல்ல முடியாது. அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. கிரிக்கெட் கமென்ட்ரி முழுக்கப் புரியும். வாய் திறக்கத்தான் பயம். ''நான் தப்பா பேசி குழந்தை சிரிச்சுட்டா?'' என்பார்.

ஜூன் மாதம் பேரன் லீவுக்கு வந்திருந்தான். ஒரு மத்தியானம் கரன்ட் போய், வைஃபையும் போனது. பாட்டி பரணிலிருந்து பரமபத அட்டையை இறக்கினார். முதல் நாள், ''யுவர் டர்ன்.'' அடுத்த நாள், ''நாட் ஃபைவ், ஒன்லி ஃபோர்!'' ஒரு வாரத்தில் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது: ''யூ ஆர் சீட்டிங்! ஐ சா இட்!'' பேரனும் பதிலுக்கு, ''இல்ல பாட்டி, பாம்பு இல்ல!''

மூன்று வருட வீடியோ காலில் நடக்காதது ஒரு வாரத்தில் எப்படி நடந்தது?

போனில் பேசும்போது முகத்துக்கு நேரே முகம். அடுத்து என்ன பேசுவது என்று தேட வேண்டும். விளையாட்டில் எல்லார் கண்ணும் அட்டையில் இருக்கிறது. பேச விஷயம் தானாக வருகிறது, அதே வாக்கியம் இருபது தடவை திரும்ப வருகிறது. முக்கியமாக, இலக்கணத் தப்புக்கு மார்க் குறையாது. ஜெயிக்கிற அவசரத்தில் யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

பாம்பு இல்லாத ஏணி

வகுப்பறையில் இந்த மாதிரி முயற்சிக்கு சென்னையில் ஒரு முன்கதை உண்டு. 2003-ல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார். ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறைதான் அடிப்படை. குழந்தைகளும் டீச்சரும் பாயில் வட்டமாக உட்காருவார்கள். பாடம் சின்னச் சின்ன கார்டுகளாக இருக்கும். சுவரில் ஒரு 'கற்றல் ஏணி'. ஒரு கார்டை முடித்தால் ஒரு படி மேலே. காய்ச்சலில் ஒரு வாரம் லீவு போட்டாலும், விட்ட படியிலிருந்தே தொடரலாம். சில வருடங்களில் மாநிலம் முழுக்கப் போனது.

பாம்பு இல்லாத பரமபதம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 'தப்பு செய்தால் கீழே விழுவோம்' என்ற பயம் போனால்தான் வாய் திறக்கும்.

எந்த விளையாட்டு?

இங்கிலீஷ் விளையாட்டு என்றதும் பலர் ஸ்கிராபிள் வாங்குவார்கள். எழுத்துக்கூட்டலுக்கு அருமையானது. பேச்சுக்கு? நியூஸிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு ஸ்கிராபிள் சாம்பியன் ஆனார். அவருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது! வார்த்தைப் பட்டியலை மனப்பாடம் செய்தே ஜெயித்தார். ஆகவே, பெட்டியின் மேல் 'எஜுகேஷனல்' என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காதீர்கள். 'பேசாமல் இதை விளையாட முடியுமா?' என்று கேளுங்கள். முடியும் என்றால், பேசவைக்கும் ஒரு விதியை நீங்களே சேர்த்துவிடுங்கள்.

பரமபதம்: ஏணி ஏறினால் இன்று நடந்த ஒரு நல்ல விஷயத்தை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். பாம்பு கடித்தால் ஒரு சாக்கு: 'ஐ வாஸ் லேட் பிகாஸ்...' சாக்கு பிரமாதம் என்று மற்றவர்கள் ஒப்புக்கொண்டால், இறங்க வேண்டாம். பாஸ்ட் டென்ஸ் தானாகப் பழகும்.

பல்லாங்குழி: சோழியை எடுக்கும் முன் குழியில் எத்தனை இருக்கும், எங்கே போய் முடியும் என்று சொல்லிவிட்டுத்தான் ஆட வேண்டும். எண்கள், 'மோர் தேன்', 'லெஸ் தேன்' எல்லாம் வந்துவிடும்.

சொல்லக்கூடாத வார்த்தை: 'டேபூ' என்று கடையில் கிடைக்கும் விளையாட்டுதான். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டினால் கார்டு ரெடி. மேலே 'இட்லி'. கீழே சொல்லக்கூடாதவை: ரைஸ், ஒயிட், சாம்பார், பிரேக்ஃபாஸ்ட். இப்போது இட்லியை விளக்குங்கள் பார்ப்போம்!

மறைத்து வைத்த மேப்: இருவருக்கும் நடுவே ஒரு புத்தகத்தை நிறுத்துங்கள். ஒருவர் பனகல் பார்க்கிலிருந்து பாண்டி பஜார் கடைக்கு வழி சொல்ல, மற்றவர் அதைக் கேட்டு வரைய வேண்டும். புரியாவிட்டால் திரும்பக் கேட்டே ஆக வேண்டும். நிஜப் பேச்சில் நமக்கு அதிகம் உதவுவது இந்தத் திரும்பக் கேட்கிற பழக்கம்தான்.

பரமபத அட்டையும் பல்லாங்குழியும் வீட்டில் இல்லையா? மறந்துபோன நம் விளையாட்டுகளை 2002 முதல் புதுப்பித்துத் தருகிறது சென்னையின் 'க்ரீடா'. காசு செலவழிக்க வேண்டாம் என்றால், சாக்பீஸால் தரையில் வரைந்தாலும் போதும்.

பெரியவர்களுக்கு மூன்று வார்த்தை

ஒன்று, ஆட்டத்தின் நடுவே திருத்தாதீர்கள். குழந்தை 'ஐ கோட் சிக்ஸ்' என்பதற்குப் பதில் 'ஐ கெட்டட் சிக்ஸ்' என்றால், 'ஓ, யூ காட் சிக்ஸ்!' என்று நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

இரண்டு, தமிழ் பேசினால் அபராதம் என்ற விதி வேண்டவே வேண்டாம். தாய்மொழிக்கு அபராதம் போடுகிற இடத்தில் எந்த மொழியும் ஆசையாக வளராது. வார்த்தை வராதபோது தமிழில் சொல்லட்டும்; 'இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?' என்று அடுத்தவரிடம் கேட்கட்டும்.

மூன்று, அரை மணி நேரம் போதும். இன்னும் ஒரு ஆட்டம் என்று கெஞ்சும்போதே நிறுத்துங்கள். நாளைக்கு அவர்களே அட்டையை எடுத்து வருவார்கள். படிக்கவும் எழுதவும் தனிப் பயிற்சி தேவைதான். விளையாட்டு திறப்பது வாயை மட்டுமே.

பேரன் ஆகஸ்ட்டில் ஊருக்குக் கிளம்பிவிட்டான். பரமபத அட்டையை போட்டோ எடுத்துக்கொண்டு போய், அங்கே பிரின்ட் போட்டு வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டிலும் ஒரே அட்டை, ஒரே ஆட்டம். போன வாரம் காபித்தூள் கடன் கேட்கப் போனேன். பாட்டி போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் காட்டினார்.

''ஒன் மினிட்டும்மா. இட் இஸ் மை டர்ன்!''