பந்தயம் நம் ஊரில் நடக்கட்டும்

நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்திற்கு இம்முறை ஒரு விசித்திரமான தீர்மானம் வந்திருக்கின்றது. நம் விடுதி மாணவர் சிலர் சேர்ந்து நடத்தும் ரக்பிக் குழு, அண்டை ஊர்க் குழுக்கள் ஐந்தோடு ஒரு சிறு லீக்கில் ஆடி வருவதை அன்பர்கள் அறிவார்கள். அடுத்த சுற்றில் ஒரு பந்தயத்தை நம் மைதானத்திலேயே நடத்த அவர்கள் விரும்புகின்றனர். செலவில் பாதியை ஆண்டுவிழா நிதியிலிருந்து சங்கம் தரவேண்டும், தொண்டர்களும் தரவேண்டும் என்பதே தீர்மானம். செயற்குழுவில் இது படிக்கப்பட்டபோது எழுந்த சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று என்று கேள்வி. "தமிழ்ச் சங்கத்துக்கும் ரக்பிக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்டவர்கள் என் நெருங்கிய நண்பர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகின்றேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆட்டக்காரன் அல்லன். ஆள் குறைந்த ஒருநாள் என்னையும் இழுத்துப்போய் நிறுத்தினார்கள். முதல் முட்டலிலேயே கழுத்துப் பிடித்துக்கொண்டு, மூன்று நாள் வகுப்பில் பேராசிரியரைப் பார்க்காமல் சன்னலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். ஆகவே சொந்த ஆசையால் வாதாடுகிறேன் என்று எவரும் சொல்லமுடியாது.

நம் குழு ஆடத் தொடங்கி இரண்டாண்டு ஆகின்றது. ஒன்பது பந்தயம் ஆடியிருக்கிறார்கள், ஒன்பதும் வெளியூரில். ஒவ்வொரு முறையும் விடியுமுன் எழுந்து, பஸ் பிடித்து, பசியோடு போய்ச் சேர்ந்து, அடிபட்டு, தோற்று, நள்ளிரவில் திரும்புகின்றார்கள். தோல்வி பெரிதல்ல. பயணச் செலவு கொடுக்க முடியாமல் பெயர்ப் பட்டியலிலிருந்து தாமாகவே விலகிக்கொண்டவர்கள் மூவர் இருக்கின்றார்கள். நம் குழுவிலேயே விரைந்து ஓடக்கூடியவர் அம்மூவரில் ஒருவர். உதவிச் சம்பளத்தில் படிக்கிறவர், மாதத்தில் இருமுறை பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போவார்? "படிப்பு இருக்கிறது" என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். நமக்கெல்லாம் காரணம் தெரியும், யாரும் பேசவில்லை.

"அமெச்சூர் ஆட்டம் என்றால் அவரவர் கைக்காசைச் செலவழித்து ஆடவேண்டும், அதுதான் அதன் பெருமை" என்று ஒரு நண்பர் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தப் பெருமை யாருக்குப் பெருமையாயிருந்தது என்பதை அவர் விசாரித்திருக்கவேண்டும். இங்கிலாந்தின் வடபகுதியில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தவர்கள், பந்தயத்துக்காக விடுப்பு எடுத்த நாளுக்கு இழந்த கூலியையாவது தாருங்கள் என்று கேட்டார்கள். தலைமைச் சங்கத்தின் கனவான்கள் மறுத்தார்கள். 1895 ஆகஸ்டில் ஹட்டர்ஸ்பீல்டு நகரில் ஒரு ஓட்டலில் கூடி, வடநாட்டுக் கழகங்கள் தனியே பிரிந்துபோயின. அந்தப் பிளவிலிருந்துதான் 'ரக்பி லீக்' என்ற தனி ஆட்டமே பிறந்தது. பிரிந்து செல்லாத 'யூனியன்' பிரிவு, ஆட்டக்காரருக்குப் பணம் தரலாம் என்று ஒப்புக்கொள்ள 1995 வரை, சரியாக நூறாண்டு, எடுத்துக்கொண்டது. நம் விடுதியில் மூவர் ஒதுங்கி நிற்பது அந்தப் பழைய கதையின் மிகச் சிறிய பிரதி. நம் ஊரில் பந்தயம் நடந்தால் அவர்கள் அறையிலிருந்து நடந்தே மைதானத்துக்கு வந்துவிடலாம். தீர்மானத்தை நான் ஆதரிப்பதற்கு முதற் காரணம் இது. வேறு காரணமே இல்லாவிட்டாலும் இது போதும்.

இனி, "வெள்ளைக்காரன் ஆட்டம்" என்ற வாதத்துக்கு வருவோம். உண்மைதான், அவன் கொண்டுவந்த ஆட்டம். 1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் வெள்ளையர் தமக்குள் ஆடினர். மறு ஆண்டே கல்கத்தா புட்பால் கிளப் என்று ஒரு கழகமும் கண்டனர். சில ஆண்டுகளில் ஆள் குறைந்தது. டென்னிசும் போலோவும் ஆட்களை இழுத்துக்கொண்டன. இலவச மதுவை நிறுத்தியதும் பலர் கழன்றுகொண்டனர் என்று ஒரு வேடிக்கைச் செய்தியும் உண்டு. கழகத்தைக் கலைத்தபோது கையிருப்பு வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து, 1878ல் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடும் பந்தயத்துக்கு அதுவே பரிசு. 'கல்கத்தாக் கோப்பை' என்று பெயர். கைப்பிடிகள் மூன்றும் நாகங்கள், மூடியின்மேல் ஒரு யானை. நம் நாட்டு வெள்ளி, நம் நாட்டு யானை, நம் நாட்டுப் பாம்பு. ஆட்டம் மட்டும் அங்கே! ஊரார் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளாத கழகம் ஐந்தாறு ஆண்டில் செத்ததில் வியப்பில்லை.

இதற்கு நேர்மாறான காட்சியைக் காணக் கடல் தாண்டவேண்டும். இலங்கையின் கண்டி நகரில் கிங்ஸ்வுட் கல்லூரியில் 1891ல் மாணவர்க்கு இவ்வாட்டம் கற்பிக்கப்பட்டது. 1906ல் அக்கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதிய பந்தயமே அந்நாட்டில் பள்ளிகளுக்கிடையே நடந்த முதற் பந்தயம். வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அந்தப் பள்ளி விதைதான் வளர்ந்து, நித்தவெல மைதானத்தில் கண்டிக் கழகத்தின் லீக் பந்தயத்துக்கு ஊரே திரளும் நிலையாயிற்று. தலைநகரத்துக் குழு மலையேறி வந்து அந்தக் கூட்டத்தின் முன்னே ஆடுவது எளிதன்று.

ஆனால் அதே மலைநாட்டில் வேறொரு காட்சியும் இருந்தது. ரதல்ல, தரவளை முதலிய இடங்களில் தேயிலைத் துரைமாரின் கழகங்களுக்குச் சொந்த மைதானங்கள் இருந்தன. அங்கும் ரக்பிப் பந்தயங்கள் நடந்தன. சுற்றிலும் தமிழர் வாழ்ந்த தோட்டங்கள். மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த கைகள் யாருடையவை என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்தக் கைகள் பந்தைத் தொடவில்லை. கொழும்பிலும் ஐரோப்பியர் கழகம் நெடுங்காலம் ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. இலங்கையர் தமக்கென 1922ல் வேறொரு கழகம் காண நேர்ந்தது. ஆக, சொந்த மைதானம் என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது. யாருக்குச் சொந்தம் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி. நம் மூணாற்றில், தேயிலைக் கம்பெனி 1940களில் வைத்த பின்லே கேடயக் கால்பந்துப் பந்தயத்தில் தோட்டத்துத் தமிழரே ஆட, தோட்டத்துத் தமிழரே கூடிப் பார்த்தனர். துரைமார் வைத்த கேடயந்தான், ஆயினும் அது இவர்களுடையதாகிவிட்டது. அதுபோல ஆவதில் ரக்பிக்கு என்ன தடை?

சென்ற 2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதன்முறையாக ரக்பி பிரீமியர் லீக் நடந்ததல்லவா? மொத்தம் ஆறு குழுக்கள். கோப்பையை வென்றது 'சென்னை புல்ஸ்'. செய்தி வந்த அன்று விடுதியில் நாமும் ஆரவாரம் செய்தோம். பிறகு ஒரு நண்பர், "அது சரி, சென்னையில் எத்தனை ஆட்டம் ஆடினார்கள்?" என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை. எல்லாப் பந்தயமும் மும்பையில், ஒரே மைதானத்தில் நடந்தன. வீரர் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. நன்றாக ஆடினார்கள், வென்றார்கள். ஆனால் தன் பெயர் சூட்டிய குழுவைச் சென்னை தொலைக்காட்சியில் பார்த்தது. பெயர் ஊருடையது, பந்தயம் ஊருடையதன்று.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்த லீக்கில் ஆடப்பட்டது பக்கத்துக்கு ஏழுபேர் ஆடும் குறு ஆட்டம். ஒலிம்பிக்கில் 2016 முதல் இடம்பெற்றுள்ளதும், பீஜித் தீவு தன் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தங்கமாகவே பெற்றதும் இதில்தான். இதைக் கண்டுபிடித்தவர் யார்? ஸ்காட்லாந்தில் மெல்ரோஸ் என்ற சிற்றூரின் கசாப்புக் கடைக்காரர் நெட் ஹெய்க். 1883ல் அவ்வூர்க் கழகத்திடம் பணமில்லை. சொந்த மைதானத்தில் ஒரு விழாப் பந்தயம் வைத்தால் நாலு காசு சேரும் என்றார் அவர். பக்கத்துக்குப் பதினைந்துபேர் ஆடினால் ஒரே பிற்பகலில் பல குழுக்கள் ஆடி முடியாது. ஆகவே ஏழுபேர், குறைந்த நேரம் என்று வைத்தார்கள். பணமில்லாத ஒரு சிற்றூர்க் கழகத்தின் மைதானத்தில் பிறந்த ஆட்டம் அது. இன்று மைதானமே இல்லாத பெருநகரக் குழுக்கள் அதை ஆடுகின்றன. நம் சங்கப் பொருளாளர் இந்த வரலாற்றைச் சற்று ஊன்றிப் படிப்பாராக.

என் ஊர் கல்பாத்தி. விடுமுறைக்குப் போனபோது அந்தப் பந்தை எடுத்துச் சென்றேன். தாத்தா கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "முட்டை மாதிரி இருக்கே, இதை எப்படிடா உருட்டுவேள்?" என்றார். பத்துப் பதினாறுபேர் தலையும் தோளும் கோத்து நின்று தள்ளும் 'ஸ்க்ரம்' பற்றிச் சொன்னேன். பக்கத்துக்கு எட்டுப்பேர்; ஒருவன் காலூன்றத் தவறினாலும் எல்லோரும் சரிவார்கள். தாத்தாவுக்கு அது உடனே விளங்கிவிட்டது. "நம்ம தேர் மாதிரின்னு சொல்லு" என்றார். ஐப்பசித் தேருக்கு எங்கள் ஊர் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். முன்னே வடம் பிடித்து இழுக்கும் கூட்டம். பின்னே நெற்றியை வைத்துத் தள்ளும் யானை. சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு நிற்பவர்கள். மூன்றாம் நாள் மாலை தேர்கள் வந்து கூடும்போது, இழுத்தவன் யார், பார்த்தவன் யார் என்று பிரிக்கமுடியாது. உள்ளூர்ப் பந்தயத்தின் சுவையும் அதுவே. வெளியூரில் ஆடினால் பதினைந்துபேர் ஆடுகிறோம். இங்கே ஆடினால் கோடு போட்டவனும் தண்ணீர் கொண்டுவந்தவனும் தொண்டை கிழியக் கத்தியவனும் சேர்ந்தே ஆடுகிறார்கள்.

தேரைப் புகழ்ந்துவிட்டு மற்றதை மறைத்தால் அது நேர்மையாகாது. 1924ஆம் ஆண்டு, எங்கள் கல்பாத்தித் தெருக்களில் ஈழவர் நடக்கலாமா கூடாதா என்பது பெரும் பூசலாயிற்று. வைக்கத்தில் போராட்டம் நடந்த அதே ஆண்டு. பொதுத் தெருவில் யாவரும் நடக்கலாம் என்று சென்னை அரசு சொன்ன பின்னரும், தேர்த் திருவிழாவின்போது தெருவுக்குள் வந்தவர்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். சட்டமன்றம் வரை போன விஷயம். எங்கள் வீட்டில் இதைப் பேசமாட்டார்கள். நூலகத்தில் படித்துத்தான் அறிந்தேன். தரவளைத் துரையைப் பற்றி நான் எழுதிய வாக்கியத்தை என் ஊரைப் பற்றியும் எழுதவேண்டியிருக்கின்றது என்று அன்று உணர்ந்தேன். நம் சங்கம் பந்தயம் நடத்தினால் 'தமிழர் பந்தயம்' என்று பலகை வைக்கவேண்டாம் என்று நான் கேட்பதும் இதனால்தான். குழுவில் மலையாள நண்பர் ஐவர் இருக்கின்றனர். ஒரிசா நண்பர் ஒருவர் இருக்கின்றார். அந்த மாநிலத்தின் பழங்குடிச் சிறுவர்கள் 2007ல் இலண்டன் சென்று பதினான்கு வயதுக்குட்பட்டோர் போட்டியில் வென்று வந்ததை நமக்குச் சொன்னவரே அவர்தாம். பெண்களும் ஆடட்டும். 2019ல் இந்தியப் பெண்கள் மணிலாவில் சிங்கப்பூரைத் தோற்கடித்துப் பதினைந்துபேர் ஆட்டத்தில் தம் முதல் பன்னாட்டு வெற்றியைப் பெற்றார்கள். நம் பெண்கள் விடுதிக்கு மட்டும் பந்து கனமாகவா இருக்கும்?

முரட்டு ஆட்டம், காயம் படும் என்ற அச்சம் நியாயமானது. அதை நான் சிரித்து ஒதுக்கமாட்டேன். தலையில் அடிபட்டது என்று சந்தேகம் வந்தாலே அந்த ஆளை வெளியே எடுத்துவிடவேண்டும், அன்று மறுபடி இறக்கக் கூடாது என்பது உலக ரக்பி அமைப்பின் விதி. வெளியூரில் நாம் ஆடிய ஒரு மைதானத்தில் முதலுதவிப் பெட்டிகூட இல்லை. நம் மைதானத்தில் ஆடினால் மருத்துவக் கல்லூரி நண்பர்கள் இருவரை ஓரத்தில் உட்காரவைப்பது நம் கையில் இருக்கின்றது. அவர்கள் இல்லையேல் பந்தயமும் இல்லை என்று தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்க்கலாம். நானே திருத்தம் கொண்டுவருகின்றேன்.

செலவு எவ்வளவு என்று கேட்கிறார்கள். மைதானம் இருக்கின்றது, நீளம் சற்றுக் குறைவு, எதிர்க் குழு ஒப்புக்கொண்டால் போதும். கோல் கம்பங்கள்தாம் இல்லை. இரண்டு கம்பங்களுக்கிடையே 5.6 மீட்டர், குறுக்குச் சட்டம் தரையிலிருந்து 3 மீட்டர் உயரம். இரும்பில் செய்தால் விலை அதிகம். முதல் ஆண்டுக்கு மூங்கில் போதும், அடியில் பழைய மெத்தையைச் சுற்றிக் கட்டிவிடலாம். கோடு போட நீற்றிய சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் ஆபத்து, சாக்குத்தூள் வாங்கவேண்டும். பந்தயம் முடிந்ததும் வந்த குழுவுக்குச் சாப்பாடு போடுவது இவ்வாட்டத்தின் பழைய வழக்கம். எண்பது நிமிடம் மோதிக்கொண்டவர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒன்பது ஊர்களில் நாம் சாப்பிட்டிருக்கின்றோம். ஒருவருக்கும் இதுவரை ஒரு கவளம் போடவில்லை. சென்ற ஆண்டுவிழாவில் பொன்னாடைகளுக்கும் மாலைகளுக்கும் ஆன தொகையைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்தேன். நாற்பதுபேருக்கு இலைபோட்டுச் சாப்பாடு போட்டு, மூங்கிலும் வாங்கி, மீதமும் இருக்கும்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை வாக்கெடுப்பு. விலகிநிற்கும் அந்த மூவரையும் பார்த்துப் பேசினேன். இருவர் வருவதாகச் சொன்னார்கள். மூன்றாமவர், வேகமாக ஓடுகிறவர், "தீர்மானம் முதலில் நிறைவேறட்டும்" என்றார்.